நின்று போன வண்டியும் நிற்காத நாவும்



மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் மோட்டார் வண்டியின் கோளாறைப் பற்றி எழுதப் புகுந்தால் உங்களுக்கு வியப்பாகத்தான் இருக்கும். நான் பொறியியல் படித்தவன் அல்லன். கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். ஆனால் 2025-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் ஒரு பழைய வண்டி எனக்குப் பாடம் நடத்தியது. அந்தப் பாடத்தில் பாதி இயந்திரத்தைப் பற்றியது. மீதிப் பாதி என்னைப் பற்றியது. முதல் பாதி, பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். இரண்டாம் பாதி எல்லா வீட்டுக்கும் பயன்படும் என்று எண்ணியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் படப்பை. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது ஏரியும் வயலும் தோப்புமாக இருந்த பகுதி இது. பக்கத்திலுள்ள மணிமங்கலத்தில்தான் ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் படை சாளுக்கிய மன்னன் புலிகேசியை முறியடித்தது என்று கல்லூரியில் படித்தபோது, எங்கள் ஊர்ப்பக்கம் வரலாற்றில் இடம்பெற்றது அந்த ஒரு முறைதான் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு வேறொரு வரலாறு வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ கார்கள் புறப்பட்டன. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. 2012-இல் டைம்லர் லாரிகளும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் அங்கே உருவாகத் தொடங்கின. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத புத்தம் புதிய கார்களை அடுக்கிக்கொண்டு நீண்ட லாரிகள் இரவெல்லாம் எங்கள் பக்கத்துச் சாலைகளில் போகின்றன.

அத்தகைய ஊரில்தான் என் வீட்டு வாசலில் 1998-ஆம் ஆண்டு மாடல் மாருதி 800 ஒன்று நிற்கிறது.

அத்தாவின் வண்டி

1983 டிசம்பரில் முதன்முதலாக வெளிவந்த அந்தச் சின்னக் கார், நடுத்தரக் குடும்பங்களின் கனவாக முப்பது ஆண்டுகள் இருந்தது உங்களுக்குத் தெரியும். 2014-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. என் அத்தா 2006-இல் அதைப் பழைய வண்டியாகத்தான் வாங்கினார்கள். மூன்று சிலிண்டர், 796 சி.சி.; எங்கள் குடும்பத்துக்கு அதுவே பல்லக்கு. அத்தா 2019-இல் மறைந்த பிறகும், முன் இருக்கையில் உட்காரும்போதெல்லாம் அம்மா, "உங்கத்தா வண்டி, பதமா ஓட்டு" என்று சொல்வார்கள்.

பதினைந்து ஆண்டுகள் கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆயிற்று. 2023-இல் எனக்கு அந்த முறை வந்தபோது, "இதைப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமே" என்று மச்சான் சொன்னார். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பணத்தைக் கட்டிவிட்டேன்.

2025 ஆவணியில் தொல்லை தொடங்கியது. சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பும். தெருமுனை தாண்டுவதற்குள் இரண்டு முறை குலுங்கிவிட்டு நின்றுவிடும். சிறிது நேரம் கழித்துச் சுழற்றினால் மறுபடி உயிர் பெறும், மறுபடி நிற்கும். பேட்டரி பழையது என்று ஒருவர் சொன்னார், மாற்றினேன். பிளக்கைச் சொன்னார் இன்னொருவர், மூன்றையும் மாற்றினேன். பிறகு, சாலையோரத்தில் கொட்டகை போட்டுப் பல ஆண்டுகளாகத் தொழில் செய்யும் மெக்கானிக் ஒருவரிடம் விட்டேன். அவர் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பெட்ரோல் வடிகட்டியையும், எஞ்சின் பக்கத்திலுள்ள ரப்பர் குழாய்களையும் புதிதாக மாற்றி, "ரெடி பாய், இனி நிக்காது" என்றார். அன்றே ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் நிரப்பினேன். வண்டி குதிரை மாதிரி ஓடிற்று. அதுவரை செலவு ஏறத்தாழ ஏழாயிரத்து ஐந்நூறு. என் சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்பதை மதரஸா ஆசிரியர் வீட்டில் பிறந்தவர்கள் அறிவார்கள்.

மழை இரவு

ஐப்பசியில் ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும். அம்மா மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "காத்து பத்தலை" என்றார்கள். வெளியே மழை. என் மனைவி, "108-க்குப் போன் செய்யுங்கள்" என்றாள். "வண்டிதான் சரியாகிவிட்டதே, அது வருவதற்குள் நாம் போய்விடலாம்" என்றேன் நான். வாசகர்களே, இந்த இடத்தில் நான் செய்த தவறை நீங்கள் ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த வண்டியில் ஆக்ஸிஜன் இருக்கும்; பயிற்சி பெற்றவர் இருப்பார்; என் வண்டியில் என்ன இருந்தது?

பெரிய சாலைக்கு வந்து சிறிது தூரம் போனதுமே குலுங்கிற்று, நின்றது. சுழற்றினேன், உறுமிற்று, நகர்ந்தது, நின்றது. கண்ணாடியில் மழை. பக்கத்தில் அம்மாவின் மூச்சு சீட்டியடிப்பதைப் போலக் கேட்டது. எதிரே ஒரு நீண்ட லாரி, பத்துப் புதிய கார்களைச் சுமந்துகொண்டு எங்கள் மீது தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போயிற்று.

காய்கறி ஏற்றிக்கொண்டு போன சிறிய சரக்கு வண்டிக்காரர் ஒருவர் தாமாகவே நிறுத்தினார். அம்மாவை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, என்னை மூட்டைகள் மீது உட்கார வைத்து, தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாமல் போனேன். நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். ஐந்து நாட்கள் வைத்திருந்து அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், அம்மா வீடு திரும்பினார்கள்.

நான் திரும்பியது வேறொரு மனிதனாக. என் கோபம் முழுவதும் அந்தக் கொட்டகைக்காரர் மீது இறங்கியிருந்தது. தேநீர்க் கடையில் சொன்னேன். ஜுமுஆ முடிந்து நின்றுகொண்டிருந்தவர்களிடம் சொன்னேன். திருமண வீட்டில் சொன்னேன். முதலில், "வேலை தெரியாதவர்" என்று சொன்னேன். இரண்டு வாரத்தில் அது, "நல்ல கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிட்டார்" என்று வளர்ந்துவிட்டது. யாரும் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை. ஹஜ்ரத் சொன்னால் உண்மையாகத்தானே இருக்கும்!

கேள்வி கேட்டவன்

அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, என்னிடம் சிறுவயதில் ஓதிய மாணவன் ஒருவன் அம்மாவை நலம் விசாரிக்க வந்தான். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு, ஒரகடம் பக்கத்தில் ஷிப்டு வேலை பார்க்கிறான். வண்டியின் கதையைச் சொன்னேன். அவன் பெட்டியைத் திறக்கவில்லை. எஞ்சின் மூடியைக்கூடத் தூக்கவில்லை. கேள்விகளாகக் கேட்டான்.

"நிற்கும்போது விளக்கை அணைத்தது போலப் பட்டென்று நிற்கிறதா, குலுங்கிக் குலுங்கி நிற்கிறதா ஹஜ்ரத்?"

"குலுங்கித்தான்."

"அப்படியானால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு இல்லை, பெட்ரோல் கோளாறு. வாசலில் நகராமல் ஓடவிட்டால் எவ்வளவு நேரம் தாங்கும்?"

நான் அதைக் கவனித்ததே இல்லை. உடனே ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தோம். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடிவிட்டு நின்றது. சாலையில் போனால் ஒரு நிமிடம் தாங்குவதில்லை.

அவன் முகம் மலர்ந்தது. "கார்புரேட்டருக்குள் ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நின்றுகொண்டிருக்கும். வண்டி சும்மா நிற்கும்போது சொட்டுச் சொட்டாகக் குடிக்கும். சாலையில் ஓடும்போது மடமடவென்று குடிக்கும். உங்கள் வண்டி அந்தக் கிண்ணத்தில் இருப்பதைக் குடித்துவிட்டு நிற்கிறது. கிண்ணம் சரியாக இருக்கிறது. கிண்ணத்துக்கு ஊற்றுவதில்தான் குறை."

அடுத்த கேள்வி: "கார்புரேட்டர் சுத்தம் செய்த பிறகு எத்தனை நாள் நன்றாக ஓடியது? அப்போது டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது?"

பத்துப் பன்னிரண்டு நாள் ஓடியது. அன்றுதான் டேங்கை நிரப்பியிருந்தேன். அந்த மழை இரவில் முள் கீழே இறங்கியிருந்தது.

இவ்வளவும் கேட்ட பிறகே எஞ்சின் மூடியைத் திறந்தான். முதலில் பெட்ரோல் டேங்கின் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பார்க்கச் சொன்னான். டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்த வழி அடைத்துப் போனால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால் அதுவே அடையாளமாம். எங்கள் வண்டியில் அந்த ஓசை இல்லை; மூடி திறந்திருந்தும் நின்றது. ஆகவே மூடி நிரபராதி.

அடுத்து, கண்ணாடி போன்ற பெட்ரோல் வடிகட்டியை விளக்கடித்துக் காட்டினான். எஞ்சின் ஓடும்போது அதற்குள் பெட்ரோலோடு குமிழ் குமிழாகக் காற்றும் வந்துகொண்டிருந்தது. "பார்த்தீர்களா ஹஜ்ரத்? எங்கேயோ ஏர் இழுக்கிறது."

பிறகு, எஞ்சின் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, பம்புக்கு வரும் குழாயைக் கழற்றிவிட்டு, புதிய குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைப் பெட்ரோல் உள்ள ஒரு சிறிய கேனில் இறக்கி, எஞ்சினிலிருந்து தள்ளி வைத்தான். இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்; திறந்த வெளியில், தீயணைக்கும் கருவியோடு, பழகியவர்கள் செய்ய வேண்டிய வேலை. இப்போது எஞ்சின் ஓடிற்று. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், நிற்கவே இல்லை. ஆக, பம்ப் நல்லது. கார்புரேட்டர் நல்லது. பிளக் நல்லது. கோளாறு பம்புக்கும் டேங்குக்கும் நடுவில்.

வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தி, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் படுத்தான். டேங்கிலிருந்து வரும் பெட்ரோல் இரும்புக் குழாயோடு சேரும் இடத்தில், நான்கு அங்குல நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய். யார் கண்ணிலும் படாத இடம். அதை வளைத்துக் காட்டினான். நகக்கீறல்கள் போலச் சுற்றிலும் வெடிப்பு.

"வெடித்திருந்தால் பெட்ரோல் ஒழுகியிருக்க வேண்டுமே தம்பி?" என்றேன்.

"இது இழுக்கும் குழாய் ஹஜ்ரத். பம்ப் இழுக்கும்போது வெடிப்பின் வழியாகக் காற்று உள்ளே போகுமே தவிரப் பெட்ரோல் வெளியே வராது. அதனால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது, வாடையும் இருக்காது. டேங்க் நிறைய இருந்தால் பம்ப் அதிகம் இழுக்க வேண்டியதில்லை, வண்டி ஓடிவிடும். பெட்ரோல் குறைந்தால் பலமாக இழுக்க வேண்டும். அப்போது பெட்ரோலுக்குப் பதிலாகக் காற்று வரும்."

2023-இலிருந்து 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டதை நாம் அறிவோம். பழைய காலத்து ரப்பருக்கு எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை என்கிறார்கள். அதனால்தானா என்று கேட்டேன். "அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் இருபத்தேழு வருட ரப்பர் எந்தப் பெட்ரோலிலும் வெடிக்கும் ஹஜ்ரத்" என்றான். தெரிந்த அளவுக்கே பேசிய அவனுடைய நாவைக் கண்டு நான் அப்போதே வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

புதிய குழாயும் இரண்டு கிளிப்பும் நூற்று இருபது ரூபாய். வண்டி இன்றுவரை நிற்கவில்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

அவனிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட சிலவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். பழைய கார் கிளம்பி உடனே நின்றால், சாமான் மாற்றுவதற்கு முன் அது எப்போது நிற்கிறது என்று பாருங்கள். சாவியைச் சுழற்றும்போது ஓடி, கையை விட்டதும் நின்றால் சாவி சுவிட்சின் தொடர்பைச் சந்தேகிக்கலாம். சோக்கை இழுத்தால் ஓடி, உள்ளே தள்ளினால் நின்றால், கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு இருக்கலாம். அல்லது கார்புரேட்டருக்குக் கீழே கேஸ்கட் வழியாகக் காற்று புகலாம். மிதியிலிருந்து காலை எடுத்தால் மட்டும் நின்றால், கார்புரேட்டரில் உள்ள சிறிய மின் வால்வின் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடிச் சூடேறிய பின் நின்று, ஆறியதும் கிளம்பினால் இக்னிஷன் காயில் சோர்ந்திருக்கலாம். வெயிலில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகித் தடுத்திருக்கவும் கூடும்.

2000-ஆம் ஆண்டையொட்டிக் கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் வழிப் பெட்ரோல் தெளிக்கும் முறை வந்துவிட்டது. அத்தகைய கார் இரண்டு வினாடி ஓடி நின்றால், சாவியை அடையாளம் கண்டுகொள்ளும் திருட்டுத் தடுப்பு விளக்கு மின்னுகிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் காற்று நுழையும் வாயில் படிந்த கரியும், ஐடில் வால்வும், டேங்குக்குள் உள்ள மின்சாரப் பம்பும் பார்க்க வேண்டியவை. கருவியை மாட்டிக் கோளாறு எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். ஊகத்தில் சாமான் மாற்ற விடாதீர்கள்.

மீதிப் பாதி

அன்று மாலை என் மாணவன் போன பிறகு, அந்த வெடித்த குழாயைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கார்புரேட்டர் நல்லது என்று கேன் சோதனை சொல்லிவிட்டது. அப்படியென்றால் அந்த மனிதர் எதையும் எடுக்கவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்கிறார். எஞ்சின் பக்கத்துக் குழாய்களை மாற்றியவர் பின்பக்கத்தைப் பார்க்கத் தவறினார், அவ்வளவுதான். அந்தப் பத்து நாளும் வண்டி ஓடியது நான் நிரப்பிய பெட்ரோலால். வண்டியைப் பற்றி எதுவும் தெரியாத நான், ஒரு மனிதரைத் திருடர் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். புறம் பேசுவதன் கேட்டைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்தும் நான்!

மறுநாள் பஜ்ர் தொழுத கையோடு அவருடைய கொட்டகைக்குப் போனேன். வழக்கமாக மூன்று நான்கு வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு ஸ்கூட்டர் நின்றது. குழாயைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். உங்களைப் பற்றி நான் இன்ன இன்ன இடத்தில் இப்படியெல்லாம் பேசினேன், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம பாய்மாருங்க வண்டி வர்றது ஒரு மாசமா நின்னு போச்சு. ஏன்னு புரியாம இருந்துச்சு. இப்பதான் புரியுது" என்றார்.

வாசகர்களே, அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அந்தக் குழாயை வாங்கி, வெளிச்சத்தில் வளைத்துப் பார்த்தார். "பின்னால படுத்துப் பார்த்திருக்கணும். அது என் தப்புதான் பாய்" என்றார். அவருடைய தவறு நூற்று இருபது ரூபாயில் தீர்ந்துவிட்டது. என்னுடையது எதில் தீரும்?

யார் யாரிடம் பேசினேன் என்று ஒரு தாளில் எழுதினேன். பதினோரு பேர் நினைவுக்கு வந்தார்கள். ஒவ்வொருவரையும் தேடிப் போய், "நான் சொன்னது பொய், அவர் நேர்மையானவர்" என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "நான் அதை வாலாஜாபாத்தில் இருக்கும் என் மைத்துனரிடமும் சொல்லிவிட்டேனே ஹஜ்ரத்" என்றார். அந்த மைத்துனர் யாரிடம் சொன்னாரோ! அந்த இரவு எங்களை ஏற்றிக்கொண்டு போன சரக்கு வண்டிக்காரரைப் பற்றி இதே பதினோரு பேரில் எத்தனை பேரிடம் சொன்னேன் என்றும் யோசித்துப் பார்த்தேன். இரண்டே பேரிடம்.

இப்போது என் வண்டி அந்தக் கொட்டகைக்குத்தான் போகிறது. போன வாரம் அங்கே இரண்டு கார்கள் நின்றன. ஒன்று எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவருடையது. முன்பு போல ஆக இன்னும் நாளாகும்.

அந்த நான்கு அங்குலக் குழாயை நான் எறிந்துவிடவில்லை. மதரஸாவில் சாக்குக்கட்டிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அது என்ன என்று கேட்கிறார்கள். புறம் பேசுவதைப் பற்றிய பாடம் வரும் நாளில் எடுத்து வளைத்துக் காட்டி, இந்தக் கதையை முழுதாக, என் பெயரோடு சொல்ல வேண்டும் என்றிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.